துண்டுக்கடியில் சொன்ன வலி

நான் மாட்டுத் தரகன். பொய் சொல்லிப் பிழைக்கிற ஆள் என்று என் மனைவி பஞ்சவர்ணம் சொல்வாள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சந்தையில் நான் பொய் சொன்னதில்லை. நிஜத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாடு வாங்கி விற்றவர்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தால் என் இடது கால் போகப் பார்த்தது. ஒரு நர்ஸ் புண்ணியத்தில் தப்பியது. இப்போது வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் வேண்டியவர்கள் படித்துக்கொள்ளலாம், நான் நிம்மதியாகக் காபி குடிக்கலாம்.

எங்கள் ஊர் ஓடைப்பட்டிக்குப் பக்கம். சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள். எங்களுக்கும் ஒரு சின்னப் பந்தல் உண்டு. அதைப் பஞ்சவர்ணம் பார்த்துக்கொள்வாள், நான் சந்தை சந்தையாகச் சுற்றுவேன். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர், கூடவே ஒரு மயிலைக் காளை. மயிலை என்றால் சாம்பல் பூத்த வெள்ளை நிறம். கன்றாக வாங்கியபோது அடுத்த சந்தையிலேயே கைமாற்றிவிடுவதாகத்தான் திட்டம். அடுத்த சந்தைக்குக் கொண்டுபோனேன், அதற்கடுத்த சந்தைக்கும் கொண்டுபோனேன். யாராவது நல்ல விலை கேட்டால் நான் அதற்கு மேல் ஒன்று சொல்வேன். அதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டால், சுழி சரியில்லை, பல் சரியில்லை என்று என் மாட்டை நானே குறை சொல்லித் திரும்பக் கூட்டிவந்துவிடுவேன். ஊரில் எத்தனையோ மாடுகளை விற்றுக் கொடுத்தவன் இந்த ஒன்றை மட்டும் விற்கத் தெரியாமல் வைத்திருந்தேன்.

"வண்டி வாடகை குடுத்து மாட்டுக்குச் சந்தையச் சுத்திக் காட்டிட்டு வர்றீகளாக்கும்?" என்பாள் பஞ்சவர்ணம். அந்த மாட்டைப் பற்றி அவள் வாயில் ஒரு நல்ல வார்த்தை வந்ததே இல்லை. தின்னி மாடு, சோம்பேறி மாடு, பந்தலைக் கடிக்கிற சனியன், இப்படித்தான்.

ஒரு சந்தை நாள் சாயங்காலம் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியிலிருந்து வீட்டு முன்னால் மயிலையை இறக்கினோம். பலகை ஈரத்தில் வழுக்கியது. மாடு சரிந்தது, கயிறு பிடித்திருந்த நானும் அதோடு சரிந்தேன். என் கால் அதன் அடியில் போய்விட்டது. முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது, மரம் ஏதோ ஒடிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அதே வண்டியில் என்னைத் தூக்கிப் போட்டார்கள். வண்டி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். மயிலை ஒருக்களித்துக் கிடந்தது, தலையை மட்டும் தூக்கி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மைத்துனன் தங்கராசு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க போங்க மாமா, அது எந்திரிச்சிரும்" என்று கத்தினான்.

தேனியில் ஓர் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் ஒடிந்திருந்தன. டாக்டர் சின்ன வயசுக்காரர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பொறுமையாகச் சொன்னார். உள்ளே கம்பி வைத்துத்தான் சேர்க்க வேண்டும், ஆனால் கால் வீங்கியிருக்கிறது, வீக்கம் வடிந்த பிறகுதான் அதைச் செய்யலாம், அதுவரை மாவுக்கட்டு போட்டு வைப்போம் என்றார். பஞ்சவர்ணம் பதற்றத்திலும் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்து வந்திருந்தாள். கவுண்டரில் இருந்த பெண் அதைப் பார்த்து, "இதிலயே பெரும்பாலும் அடங்கிரும்மா" என்றதும்தான் அவளுக்கு அழுகையே வந்தது. அதுவரை அழக்கூட நேரமில்லாமல் இருந்திருக்கிறாள்.

வார்டில் எங்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் செல்வராணி. கூடலூர்க்காரப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். குமுளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் மலையாளத்தில் பேசுவார், எங்களிடம் எங்கள் பேச்சு. வந்ததும் சுவரில் ஒட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். வரிசையாக முகங்கள். ஒரு கோடியில் சிரிக்கிற முகம், மறுகோடியில் அழுகிற முகம்.

"அண்ணே, வலியே இல்லன்னா பூஜ்யம். தாங்கவே முடியலன்னா பத்து. பத்துக்கு மேல கெடையாது. இப்ப ஒங்களுக்கு எம்புட்டு?"

"ரெண்டு" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஊசியை ரெண்டுக்குப் போடவில்லை, அதைவிடக் கூடுதலாகத்தான் போட்டார் என்று பிறகு தெரிந்தது.

நான் ஏன் ரெண்டு என்றேன் என்பதை விளக்கினால்தான் மற்றது புரியும். எங்கள் தொழிலில் முதலில் நிஜ எண்ணைச் சொல்கிறவன் தோற்றவன். விற்கிறவன் கூட்டிச் சொல்வான், வாங்குகிறவன் குறைத்துக் கேட்பான். இங்கே மருந்து வாங்குகிறவன் நான். வாங்குகிற பக்கம் உட்கார்ந்துகொண்டு எடுத்த எடுப்பில் பத்து என்று எவனாவது சொல்வானா? அது மட்டுமல்ல, பஞ்சவர்ணம் பக்கத்திலேயே நிற்கிறாள். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் சந்தைக்காரர்கள். அவனுக்குக் கால் போய்விட்டதாம், இனிச் சந்தைக்கு நடக்க மாட்டானாம் என்று ஒருத்தன் கிளப்பிவிட்டால் போதும், என்னிடம் வருகிற விவசாயச் சம்சாரிகள் அத்தனை பேரும் அடுத்த தரகனிடம் போய்விடுவார்கள். தரகனுக்கு வாய் ஒரு கால் என்றால் கால் இன்னொரு வாய். நாள் முழுக்க சந்தையைச் சுற்றி நடந்தால்தான் பிழைப்பு.

பக்கத்துக் கட்டிலில் பெரியகுளத்துக்காரர் ஒருவர், மாந்தோப்புக் காவலாளி, மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டவர். அவர் எனக்கு நேர் எதிர். நம்பர் கேட்டால், "பதினஞ்சு தாயி! பதினஞ்சு!" என்று வார்டு அதிரக் கத்துவார். எனக்குச் சிரிப்பாக வரும். செல்வராணி சிரிக்கவில்லை, பத்துக்கு மேல் இல்லை என்று திருத்தவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், வலி பாதிதான், அந்தக் கையை எடுத்துவிடுவார்கள் என்ற பயம்தான் மீதி என்று தெரிந்தது. யாரோ அப்படிச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். டாக்டரையே கூட்டிவந்து, "கை நல்லாயிரும்" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தார். பதினைந்து அன்றைக்கே ஆறாகிவிட்டது.

செல்வராணி என்னிடமும் பேச்சுக் கொடுத்தார். "அண்ணே, எல்லாரும் மறச்சு மறச்சுப் பேசுனா அப்பறம் எப்படித்தேன் மாடு விக்கும்? நெச வெலைய எங்கனயாச்சும் சொல்லித்தேன ஆகணும்?"

"சொல்லுவோம் தாயி. துண்டுக்கடியில சொல்லுவோம்."

அவருக்கு அது தெரியாது. விளக்கினேன். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து, அதற்கு மேல் போனால் விட்டுவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். வாய் சும்மா ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கை கணக்குப் பேசும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டுக்கடியில் போன கை பொய் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னவன் மறுபடி சந்தைக்கு வந்து கை நீட்ட முடியாது.

"நல்ல பழக்கந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டு வைத்துக்கொண்டார் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் பாதிச் சந்தை வார்டுக்குள் வந்துவிட்டது. எனக்குப் போட்டித் தரகர் மாயாண்டி ஒரு பை சாத்துக்குடியோடு முன்னால் நின்றார். எல்லாரும் காலைப் பற்றிக் கேட்டார்கள். "சுளுக்கு மாதிரித்தேன், ஒண்ணுமில்ல" என்றேன். அப்போது என் காலுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இப்போது சொல்கிறேன். எலும்பு ஒடிந்த வலி எனக்குப் பழகிப்போயிருந்தது. இது வேறு. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது மாதிரி உள்ளேயிருந்து பிழிந்தது, நேரம் ஆக ஆக முறுக்கு ஏறியது. கால்விரல்கள் மரத்துப்போய், ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. கூட்டத்துக்கு நடுவே கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

செல்வராணி வந்தார். "நம்பர் சொல்லுங்கண்ணே."

"ரெண்டு."

அவர் எழுதவில்லை. "நேத்து எம்புட்டு நையாண்டி பண்ணிக்கிட்டு இருந்தீக! இன்னைக்கி வந்தவுகதேன் பேசுறாக, நீங்க வாயத் தொறக்கல. ரெண்டுன்னா கம்பிய எதுக்கு இப்படிப் பிடிச்சிருக்கீக?"

பதில் சொல்வதற்குள் கட்டுக்கு வெளியே தெரிந்த என் கட்டைவிரலைத் தொட்டு மெல்ல மேல்நோக்கி அசைத்தார். பூவைத் தொடுகிற அளவுதான். நான் சிரிக்கப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது.

"துண்டக் குடுங்க" என்றார்.

தோளில் கிடந்த துண்டை அவரே உருவி, என் கைமேல் போட்டு, தன் கையை அதற்குள் விட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கியது. இந்தத் தொழிலில் பெண்கள் யாரும் துண்டுக்குள் கைவிட்டு நான் பார்த்ததில்லை. "பொம்பளப் புள்ள கைய எப்படித் தாயி..." என்றேன்.

"நாடி பாக்க நான் ஒங்க கையப் புடிக்கலையா? இது யாவாரம். புடிங்க."

மாயாண்டியின் முகம் மாறியதை அப்போது பார்த்தேன். துண்டு விழுந்த இடத்தில் வேறு ஆள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது சந்தை மரியாதை. எனக்குப் போட்டியான மனிதர், என் காலைப் பற்றி முழுசாக விசாரித்துக்கொண்டு போக வந்தவர், தன் இரண்டு கைகளையும் விரித்து மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய், முதுகைத் திருப்பி நின்றுகொண்டார். அந்த மனிதருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறும்.

நான் அந்தப் பெண்ணின் கையை மொத்தமாகப் பிடித்தேன். விட்டேன். மறுபடி மொத்தமாகப் பிடித்தேன். விட்டு, மூன்றாம் முறையும் பிடித்தேன். பத்துக்கு மேல் கிடையாது என்று சொன்னதெல்லாம் எனக்கு அப்போது ஞாபகமே இல்லை.

விலை தெரிந்த தரகன் அதை முகத்தில் காட்டக் கூடாது. செல்வராணி முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. "சரிண்ணே" என்றார். அந்த இடத்திலேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டார். "சார், நேத்து வந்த கால் எலும்பு பேஷண்ட். மருந்து குடுத்தும் வலி ஏறிக்கிட்டே போகுது. வெரல லேசா அசைச்சாலே தாங்கல. மரத்துப்போச்சு. கம்பார்ட்மெண்டா இருக்குமோன்னு தோணுது சார், உடனே வாங்க." அந்தப் பக்கம் டாக்டர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "மாவுக்கட்டை வெட்டி விடுங்க, வந்துட்டேன்" என்றது எனக்கே கேட்டது. காலுக்கடியில் உயரமாக வைத்திருந்த தலையணைகளைச் செல்வராணி எடுத்தார். வீக்கத்துக்குக் காலைத் தூக்கித்தானே வைப்பார்கள் என்று பஞ்சவர்ணம் கேட்டாள். "இப்ப தூக்கி வச்சா ரத்தம் ஏறக் கஷ்டப்படும் அக்கா, மட்டமா இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே கத்தரியால் கட்டைப் பிளந்தார்.

இது என்ன வியாதி என்று டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். காலின் தசைகளைச் சுற்றி உறை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. அது துணி மாதிரி விரிந்து கொடுக்காது. எலும்பு ஒடிந்து உள்ளே வீங்கும்போது தசைக்கு இடம் போதாமல் இறுகும். இறுகினால் ரத்தம் போகாது. ரத்தம் போகாத தசை சில மணி நேரத்தில் செத்துவிடும். அப்புறம் காலை வைத்துக்கொண்டு பிரயோசனமில்லை, சிலருக்கு எடுக்கவேண்டியும் வரும். அடிபட்ட அளவை மீறி வலி ஏறுவதுதான் இதன் முதல் அடையாளம். வெளியே பார்த்தால் பெரிதாகத் தெரியாது, நோயாளி சொன்னால்தான் தெரியும். "நீங்க ரெண்டுன்னே சொல்லிக்கிட்டு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், பஞ்சவர்ணம் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

என்னை நேரே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பக்கமும் தோலையும் சவ்வையும் கீறிவிட்டு இறுக்கத்தைத் தளர்த்தினார்கள். உயிரோடு இருக்கிற தசை சிவப்பாக இருக்குமாம், தொட்டால் துடிக்குமாம். என்னுடையது துடித்தது. அதை டாக்டர் வெளியே வந்து சொன்னபோது பஞ்சவர்ணம் மாயாண்டியின் சாத்துக்குடி முழுவதையும் வார்டில் இருந்தவர்களுக்கு உரித்து உரித்துக் கொடுத்துவிட்டாளாம். எனக்கு ஒரு சுளைகூட மிச்சம் வைக்கவில்லை.

அதன் பிறகு துண்டு எங்கள் வழக்கமாகிவிட்டது. செல்வராணி வருவார், துண்டு விழும், விரல் பேசும். வாயால் கூடலூரில் மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகளைப் பற்றியும் திராட்சை விலையைப் பற்றியும் பேசிக்கொள்வோம். பஞ்சவர்ணத்துக்கு முதலில் வேடிக்கை, பிறகு கொஞ்சம் கோபம். "கட்டுன நாள்லருந்து எங்கிட்ட ஒரு நாளாச்சும் இப்படிக் கையப் புடிச்சு நெசஞ் சொல்லியிருக்கீகளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். மாந்தோப்புக்காரர் ஒடிந்த கையை மறந்து சிரித்து, அப்புறம் வலி தாங்காமல் கத்தினார்.

புண் ஆறியது, கீறியதை மூடினார்கள், கம்பியும் வைத்தார்கள். எண் பத்திலிருந்து எட்டுக்கு வந்தது, ஏழுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. இறங்கவில்லை. டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புண் சுத்தம், விரலில் சூடு இருக்கிறது, உணர்ச்சி இருக்கிறது. "இந்தக் காலுக்கு ஏழு வரக் கூடாதே, மருந்தைக் கூட்டிப் பார்க்கலாமா?" என்றார். செல்வராணி, "ஒரு நாள் பொறுங்க சார், பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். டாக்டரும் சரி என்று போய்விட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. துண்டுக்கடியில் பொய் கிடையாது. வலித்தது, ஏழுக்கு வலித்தது. எங்கே என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

அதற்கு முந்தைய நாள் பஞ்சவர்ணம் மாற்றுத்துணி எடுத்துவர ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் குளித்து, புதுச்சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். நகக்கண்ணில் மட்டும் மண். பந்தல் மண் இல்லை, ஆழத்தில் இருந்து வருகிற செம்மண். நான் பார்த்தேன், கேட்கவில்லை. மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்கிறவனுக்கு இது பெரிய காரியமா?

டாக்டர் வந்துபோன மறுநாள் காலையில் துண்டுக்கடியில் என் கை செல்வராணி கையில் இருந்தது. ஏழு சொல்லி முடிக்கவில்லை, பஞ்சவர்ணம் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். "மயிலை எப்படி இருக்காம்?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, தங்கமா இருக்கு. நல்லாத் தின்னுட்டு அசை போட்டுக்கிட்டுப் படுத்திருக்காம்" என்றாள்.

தங்கமாம். அந்த மாட்டை ஒரு தடவை நல்லவிதமாகப் பேசாத வாய் தங்கம் என்கிறது. என் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் துண்டுக்கடியில் என் விரல்கள் செல்வராணி கையை நெரித்துவிட்டன. அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தார், பஞ்சவர்ணத்தைப் பார்த்தார், பிறகு துண்டை மடித்து வைத்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க" என்று அவளைக் கூட்டிப்போனார்.

வெளியே பேசியதைப் பஞ்சவர்ணம் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"அக்கா, மாடு நல்லாருக்குன்னு எங்கிட்டயும் சொல்லச் சொன்னீக. அண்ணன் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். நெசத்த நான் சொல்றதும் மொறையில்ல. அது ஒங்க வீட்டு மாடு. நீங்கதேன் சொல்லணும்."

"ஆபரேசன் பண்ணுன ஒடம்பு சிஸ்டரு. தாங்குவாகளா?"

"இப்பவும் தாங்கிக்கிட்டுத்தேன் இருக்காகக்கா. ஒத்தையில தாங்குறாக."

பஞ்சவர்ணம் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். செல்வராணி திரையை இழுத்துவிட்டு, பார்க்க வந்து காத்திருந்தவர்களை வராந்தாவிலேயே நிறுத்திவைத்தார். பஞ்சவர்ணம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். மயிலைக்கு முதுகெலும்பு போய்விட்டது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டுப் பார்த்தார், எழுப்ப முடியவில்லை. அடிமாட்டுக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறான். அவனை விரட்டிவிட்டு, அது தலை சாயும்வரை தங்கராசுவைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறாள். பிறகு எங்கள் பந்தலை ஒட்டியே குழி எடுத்து, மஞ்சள் தடவி, மாலை போட்டு, தன் கையாலும் மண் தள்ளியிருக்கிறாள்.

"கழுத்து மணிய மட்டும் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மாடு விற்றுப் பிழைக்கிறவன் மாட்டுக்காக அழுதான் என்றால் சந்தை சிரிக்கும். அதனால்தான் இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன். அன்றைக்கு அழுதேன். சிறு பிள்ளை மாதிரி, மூக்கொழுக அழுதேன். அழுகிறவனுக்கு ஒரு தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பது சுலபம். செல்வராணி அதைச் செய்யவில்லை. அழாதீர்கள் என்றும் சொல்லவில்லை, மாடுதானே என்றும் சொல்லவில்லை. திரைக்கு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து சும்மா இருந்தார். அழுகை கொஞ்சம் மட்டுப்பட்டதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது என்னண்ணே விரும்பித் திங்கும்?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. திராட்சைதான் தின்னும் என்றேன். அதிலும் பன்னீர்த் திராட்சை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பந்தலுக்குக் கீழே போய் நின்று, கழுத்தை நீட்டிக் கொத்துக் கொத்தாக இழுக்கும். பஞ்சவர்ணம் விளக்குமாற்றோடு ஓடுவாள். அவள் ஒரு அடி போட்டால் இன்னொரு கொத்தை வாயில் கவ்விக்கொண்டுதான் நகரும். "ஒரு தடவ யாவாரிக்கு நிறுத்து வச்ச கூடைக்குள்ளயே மூஞ்சிய விட்டுருச்சு சிஸ்டரு! மூஞ்சியெல்லாம் ஊதா! மையப் பூசுன மாதிரி நின்னுக்கிட்டு என்னயவே பாக்குது!" என்று பஞ்சவர்ணம் அழுதுகொண்டே சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். திரைக்கு அந்தப் பக்கம் மாந்தோப்புக்காரர், "எங்க தோப்புல குரங்குதேன்" என்று சேர்ந்துகொண்டார். அழுகிற சத்தம் கேட்டு வராந்தாவில் கவலையோடு நின்றவர்கள் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக் குழம்பிப்போனார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் துண்டு விழுந்தபோது நான் நான்கு விரலைப் பிடித்தேன். அதே கால், அதே மருந்து. டாக்டரிடம் செல்வராணி, "மருந்து கூட்ட வேண்டாம் சார், எறங்கிருச்சு" என்றார். எப்படி என்று அவர் கேட்க, "துக்க வீட்டு வலி சார், சொன்னதும் கொறஞ்சிருச்சு" என்றார். டாக்டர் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நம்பர் கேட்டால் பேரம் பேசாதீர்கள். அங்கே விற்கிறவரும் இல்லை, வாங்குகிறவரும் இல்லை. ஆனால் பேரம் பேசிப் பழகியவனிடம் இதை முதல் நாளே சொன்னாலும் காதில் ஏறாது. செல்வராணி எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்காமல் என் சந்தைக்குள் அவரே வந்துவிட்டார். வேறு ஆளாக இருந்திருந்தால் வேறு வழியில் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

கடைசியாக நடக்கவைக்கிற நாள் வந்தது. பிசியோதெரபிக்காரர் முழங்காலை மடக்கிப் பழக்க வேண்டும் என்றார். அன்றும் பார்வையாளர் நேரம், மாயாண்டியும் வந்திருந்தார். இத்தனை நாள் நீட்டிக் கிடந்த முட்டியை மெல்ல மடக்கினார்கள். செல்வராணி வழக்கம்போலத் துண்டை எடுக்கக் கையை நீட்டினார்.

"துண்டு வேணாம் ஆத்தா! எட்டு! எட்டு! அய்யோ, எட்டரை!" என்று கத்திவிட்டேன். வாசலில் இருந்த காவலாளி எட்டிப் பார்த்தார்.

மாயாண்டி வாயைப் பொத்திக்கொண்டார். "ஏலே, சந்தையில இப்படி வெலைய வெளிய சொல்லிறாத. குடி முழுகிரும்" என்றார்.

"சொல்லட்டும்ண்ணே. நல்லாச் சொல்லட்டும்" என்றாள் பஞ்சவர்ணம். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

செல்வராணி எட்டரைக்கு உண்டான மருந்தைக் கொடுத்து, அது வேலை செய்கிறவரை பிசியோதெரபிக்காரரைக் காத்திருக்க வைத்தார். பிறகு என் கையில் வாக்கரைக் கொடுத்து, தான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்து என்னை எழுப்பினார்கள். இடது காலைத் தரையில் வைத்தேன். தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. பஞ்சவர்ணம் எனக்கு முன்னால் வந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தாள். "வலிக்குது புள்ள, வலிக்குது" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே நான் அவளை நோக்கி நடந்தேன்.